பாய்ஸான் கணக்கில் மாட்டுங்கா

ஒரு உயிர் பூமிக்கு வந்து சேர மீட்டருக்கு மேல் எட்டணா. அதற்குக் குறைந்தால் கட்டாது என்றான் டாக்ஸிக்காரன் சிராஜ்.

ஜம்பு பேரம் பேசவில்லை. பின்சீட்டில் மனைவி ராஜலக்ஷ்மிக்குப் பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி எடுத்த நிமிஷமே வந்துவிடுங்கள் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

மாட்டுங்கா சிக்னலில் டாக்ஸி நின்றது. நின்றதுதான். பச்சை விழுந்தது, அணைந்தது. வரிசை பாதிகூடக் கரையவில்லை.

ஜம்புவுக்கு மண்டை கொதித்தது. அந்த சிக்னலுக்கு எத்தனை விநாடி பச்சை என்று டிராஃபிக் ஆபீசில் கணக்குப் போட்டவரே அவர்தான். பாய்ஸான் என்ற பிரெஞ்சுக்காரரின் சூத்திரம். வண்டிகள் அதது இஷ்டத்துக்கு வரும். ஒன்று வருவதற்கும் இன்னொன்று வருவதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒரே பச்சையில் தீராத வரிசை நூற்றில் ஒரு தரம் சேர்ந்தால் அதிகம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

இறங்கினார். முன்னால் நின்ற ஃபியட்டின் கூரையில் அறைந்து, ஊரில் அத்தனை பேருக்கும் ஒரே நிமிஷத்திலா வேலை வந்தது என்று கத்தினார்.

ஃபியட்டுக்குள் பட்டுவேஷ்டி, தாம்பாளம், பழம். நிச்சயதார்த்தத்துக்குப் போகிறார்கள். பெரியவர் கோபப்படவில்லை. திங்கட்கிழமையாச்சே, ராகுகாலம் இப்போதுதானே கழிந்தது, எல்லாரும் அதற்கப்புறம்தானே கிளம்புவோம் என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

ஜம்பு இங்கே நின்று வண்டி எண்ணியதும் ஒரு திங்கட்கிழமைதான். ஏழரையிலிருந்து ஒன்பதுவரை. ரோடு காலியாகக் கிடந்தது. சூத்திரம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது.

பஞ்சாங்கத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற கூட்டம், இந்தக் காலத்தில் ராகுவாம், கேதுவாம் என்று நடுரோட்டில் ஆடித் தீர்த்தார். உங்கள் மூடத்தனத்துக்கு என் பெண்டாட்டி சாகணுமா என்றார்.

டாக்ஸி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ராஜலக்ஷ்மி தலையை வெளியே நீட்டினாள். கடித்துக் கடித்து உதட்டில் ரத்தம். குரல் மட்டும் நிதானம்.

"ஏன்னா, எனக்கு வலி எடுத்தது ஏழரைக்கு. ஒம்பது அடிக்கட்டும்னு வாசக்கதவை அடைச்சுண்டு நின்னது யாரு?"

பச்சை விழுந்தது.

எட்டு வண்டி கடந்தது. கடைசியாக ஃபியட்.

சிவப்பு.

பாக்கி ஒன்று, சிராஜின் டாக்ஸி.