கம்பெனிப் பொண்ணு

“யாரு ஸ்பான்சர்னு சொன்னீங்க?”

செயலாளர் தன் காதையே நம்பாமல் இன்னொரு தரம் கேட்டார்.

“தகர டப்பா கம்பெனி, தம்பி. ஹால் வாடகை, சாப்பாடு, வெளியூர்க்காரங்க தங்க இடம், எல்லாம் அவங்களே பார்த்துக்கறாங்களாம்” என்றாள் பிரஸ் அக்கா.

“எந்தத் தகர டப்பா கம்பெனி?”

“அதேதான்.”

அதேதான் என்றால், பிரஸ் அக்காவின் வலது கையை மணிக்கட்டோடு பறித்த, தகரத்தை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓடுகிற கம்பெனி. சங்கத்தில் எல்லோருக்கும் அது தெரியும். அதற்கு மேல் அவளும் பேசியதில்லை, யாரும் கிளறியதுமில்லை. ‘பிரஸ் அக்கா’ என்ற பட்டப்பெயர்கூட அவளே தனக்கு வைத்துக்கொண்டதுதான்.

வேலையிடத்தில் கை, கால், கண் இழந்தவர்களுக்கான சங்கம் அது. முதல் மாநாடு. செயலாளர் மருந்துக்கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, ஸ்பான்சர் தேடி ஏறாத படி இல்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி மேனேஜர் காபி கொடுத்தார், அதோடு சரி. சிமென்ட் கடைக்காரர், “கை கால் போனவங்க மாநாடா? போர்டுல எங்க பேரைப் பார்த்தா யாரு வீடு கட்ட வருவாங்க?” என்றார். கையுறை தயாரிக்கிறவர் மட்டும் சரி என்றார். செயலாளர் அன்று தலைகால் புரியாமல் சங்கத்துக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தார். மறுவாரமே அவரிடமிருந்து போன் வந்தது.

“தப்பா நினைக்காதீங்க சார். மேடையில எங்க கையுறை படம், கீழே கையில்லாதவங்க. பார்க்கிறவன் என்ன நினைப்பான்?”

ஹாலுக்கு முன்பணம் கட்ட இன்று சாயங்காலம்தான் கெடு. இல்லையென்றால் வேறு யாருக்கோ விட்டுவிடுவார்கள். வெளியூர் ஆட்கள் டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

“யாரு போய் அவங்ககிட்ட கேட்டது?”

“நான்தான். நேரா முதலாளி ரூமுக்கே போனேன்.”

செயலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“உங்க கையை வாங்கினவன்கிட்டயே கை நீட்டினீங்களா? அந்தச் சோறு நமக்குத் தொண்டையில இறங்குமா அக்கா?”

“எனக்கு இறங்கும்” என்றாள் அவள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். “ரெண்டு கண்டிஷன் போட்டார். மேடையில கம்பெனி பேரு பெரிசா இருக்கணும். முதல்ல அவர்தான் பேசணும்.”

வேறு வழியில்லாமல் செயலாளர் தலையாட்டினார். ஆனால் அன்றிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ‘மானம் ரோஷம் எல்லாம் மெஷினோட போயிடுச்சு போல’ என்று கமிட்டியில் யாரோ சொன்னபோது, அவர் மறுத்தும் பேசவில்லை.

மாநாட்டன்று ஹால் நிறைந்து வழிந்தது. முதலாளி போட்டோகிராபர் சகிதம் வந்து இறங்கினார். பிரஸ் அக்கா ஓடிப்போய் வரவேற்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். குனிந்து அவர் காதில், “ஐயா, என்னைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கய்யா” என்று குழைந்தாள்.

செயலாளருக்கு உடம்பெல்லாம் கூசியது.

முதலாளி மைக்கைப் பிடித்தார். கூட்டத்தைப் பார்த்ததும் குரல் தழுதழுத்தது.

“இந்தத் தங்கச்சி யாரு தெரியுமா? எங்க கம்பெனிப் பொண்ணு! வருஷக்கணக்கா எங்ககிட்ட மெஷின் ஓட்டினவ. எங்க கூரைக்குக் கீழேதான் அந்த விபத்து நடந்தது. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை. எங்க தொழிலாளிங்க ஒவ்வொருத்தரும் எனக்கு ரத்த சொந்தம்!”

கைதட்டலில் ஹால் அதிர்ந்தது. முதலில் எழுந்து நின்றவள் பிரஸ் அக்கா. ஒரு கையை மேஜையில் தட்டித் தட்டி ஆரவாரம் செய்தாள்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் செயலாளர் மேடைக்குப் பின்னால் போய் நின்றார். சற்று நேரத்தில் அவளும் வந்தாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“போதுமா அக்கா? அவனுக்குக் கைதட்டவா இத்தனை பேரைக் கூட்டினோம்? உங்களைப் பார்த்து எங்களுக்கெல்லாம் தைரியம் வரும்னு நினைச்சேன். இப்படிக் காலைப் பிடிப்பீங்கன்னு நினைக்கலை!”

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். திரை இடுக்கு வழியாக வீடியோ கேமராவை எட்டிப் பார்த்தாள்.

“வீடியோ எடுக்கிறவரு அவர் பேசினதை முழுசா எடுத்துட்டாரா தம்பி? சத்தம் தெளிவா இருக்கா?”

“இருக்கும். அதை வீட்டுல போட்டுப் பார்க்கப் போறீங்களா?”

“இல்ல. மூணாவது வரிசையில கறுப்புச் சேலை கட்டிட்டு ஒரு அம்மா இருக்காங்க, என் வக்கீல். அவங்ககிட்ட கொடுக்கணும்.”

“வக்கீலா? எதுக்கு?”

“கோர்ட்டுல முதலாளிக்குப் பதிலா அவரோட வக்கீல் பேசறார், தம்பி. அங்க வாய் தவறாது. மேடையில அவரே பேசுவார். கைதட்டல் கேட்டா அவருக்குத் தலைகால் புரியாது. கம்பெனி ஆண்டு விழாவுல நான் பார்த்திருக்கேன்.”



அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“‘இவ யாருன்னே எங்களுக்குத் தெரியாது, எங்க கேட்டுக்குள்ளயே வந்ததில்லை’ன்னு இத்தனை வருஷமா என் கேஸை இழுத்தடிக்கிற மனுஷன் அவரு. இன்னிக்குத்தான் தம்பி, நான் அவங்க ஆளுன்னு ஊரறிய ஒத்துக்கிட்டிருக்கார்!”