ரெண்டாவது கோணம்

கோடாலி பனையில பாதிக்கு மேல உள்ள போயிருச்சு. அப்பத்தான் லூர்துக்குத் தெரிஞ்சுது, தன் கணக்கு தப்புன்னு.



இடி விழுந்து தல கருகுன பனை அது. பலமா ஒரு காத்தடிச்சா தானா விழுந்துரும். ஏறி அளக்க ஒருத்தரும் துணியல. ஒரு பக்கம் கெணறு. ஒரு பக்கம் புதுசா இழுத்த கரண்டுக் கம்பி. பின்னால மாதா கோயில் செவுரு. சாய்ச்சா தீர்த்தம்மா வூட்டுப் பக்கந்தான் சாய்க்கணும்.

தீர்த்தம்மா புள்ள பெத்து ஒரு வாரங்கூட ஆவல. தீட்டுக் கழியாம வாசப்படி தாண்ட மாட்டா.

"மரம் அவங்க வூட்ட எட்டாதுப்பா, நான் நிரூபிச்சுக் காட்டறேன்"னு லூர்துதான் சொன்னா. பத்தாங் கிளாஸ்ல அப்பத்தான் வடிவொத்த முக்கோணம் நடத்தியிருந்தாங்க.

நேத்து ஞாயித்துக்கெழம. தெருவே கூடி நின்னு வேடிக்க பாத்துது.

குச்சி ஒன்ன நட்டா. குச்சியும் நேரா நிக்குது, பனையும் நேரா நிக்குது. அது ஒரு கோணம். ஒரே வெயிலு ஒரே சாய்வுல ரெண்டு மேலயும் விழுது. அது ரெண்டாவது கோணம். ரெண்டு கோணம் சமம்னா முக்கோணமும் ஒரே வடிவம். குச்சிக்கு நெழலு எத்தன மடங்கோ, பனைக்கும் அத்தன மடங்குதான்.

அவ அப்பா அருள்சாமிக்கு ஒரு எழவும் புரியல. ஆனா ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பெருமையா பாத்தாரு.

குச்சியோட நெழல அளந்து முடிச்சா. கோயில் மணி அடிச்சுது. பூசைக்கு லேட்டா போனா சாமியார் பிரசங்கத்துலயே பேரச் சொல்லித் திட்டுவாரு. போட்டது போட்டபடி ஓடுனா.

பூசை முடிஞ்சு வந்து பனையோட நெழல அளந்தா.

அந்தக் குச்சி இன்னும் அங்கயேதான் நிக்குது. இன்னிக்கி வெட்ட ஆரம்பிச்சப்ப அதோட நெழலு ஒரு கல்லத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. இப்ப கல்லு வெயில்ல கெடக்குது.

நேத்துப் பூசை நடந்த நேரத்துலயும் இப்பிடித்தான் வெயிலு மேல ஏறிருச்சு. பனை நெழலு சுருங்கிருச்சு. ரெண்டாவது கோணம் சமமே இல்ல. அப்ப பனை அவ சொன்னத விட ஒசரம். தீர்த்தம்மா வூட்டு மேலயேதான் விழும்.

மரம் வெட்டற மாது கோடாலிய ஊனி நிறுத்திட்டு, சொம்புத் தண்ணிய அண்ணாந்து குடிச்சான். வாயத் தொடச்சுக்கிட்டு இவ பக்கம் திரும்புனான்.

"என்ன டீச்சரம்மா, சாய்ச்சுப்புடலாமா? இல்ல இன்னொருக்கா குச்சி நடணுமா?"

கூட்டம் சிரிச்சுது. அதுல பெரியப்பா மதலைமுத்துவும் நின்னாரு. பொட்டப்புள்ளயப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்துன்னு வருசம் பூரா அப்பாகூட மல்லுக்கட்டறவரு. இப்ப வாயத் தொறந்து தப்புன்னு சொன்னா, நாளைக்கே புஸ்தகத்தப் பரண்ல போட்டுருவாங்க.

தீர்த்தம்மா வூட்டுக் கதவு சாத்திக் கெடந்துச்சு.

மாது இன்னும் பாத்துக்கிட்டே இருந்தான். அவசரமே படல.

லூர்து, சரின்னு தலையாட்டுனா.

நாலே வெட்டு. பனை மடமடன்னு சாஞ்சு ஓட்டு மேல விழுந்துது. ஓடும் கைமரமும் உள்ள எறங்குச்சு. புழுதியில ஒன்னுமே தெரியல. லூர்துக்குக் காது அடச்சுப் போச்சு. கொழந்த அழுவுற சத்தம் கேக்குதான்னு நின்னா. கேக்கல.

தோள்ல ஒரு கை விழுந்துது. அப்பா.

"பயப்படாத சாமி. உள்ள யாருமில்ல. சத்தத்துல பச்சக் கொழந்த பயந்துக்கும்னு, கெஞ்சிக் கூத்தாடி அவங்கள விடியறதுக்குள்ள பக்கத்துத் தெரு மாரியப்பன் வூட்டுக்கு அனுப்பிட்டேன். ஓட்ட நான் மாத்திக் குடுத்தர்றேன்."

பெரியப்பாகூட ஒரு வார்த்த கடுசா சொல்லல. "வுடுறா, சின்னப்புள்ள. தெரியாமப் பண்ணிருச்சு"ன்னாரு.

எல்லாருக்கும் அவ மேல பாவமா இருந்துச்சு. யாரோ மோரு கொண்டாந்து குடுத்தாங்க. அப்பா துண்டால மூஞ்சியத் தொடச்சு விட்டாரு. தொடைக்கத் தொடைக்கத் தண்ணி வந்துக்கிட்டே இருந்துச்சு.

உள்ள ஆளில்லன்னு அப்பாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதே.

கதவுக்குப் பின்னால தாயும் புள்ளயும் இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேதான, அப்பிடித் தலையாட்டுனா?