டைகருக்குக் கொடுத்த வேலை

தான் விற்ற அல்சேஷன் நாயை எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்க்க, கோவளத்திலிருந்து திருவிடந்தையில் இருந்த ஜானகிராமன் வீட்டுக்கு வந்தார் மாரி.

"ஆடு மேய்க்கிற ஜாதி சார் இது. அடைச்சிப் போட்டா பேஜாரு பண்ணும்."

"அடைப்போமா? காலையும் சாயந்தரமும் பீச்சுல ஓடவிடறேன்," என்றார் ஜானகிராமன். "பாவம், வாயில்லா ஜீவன்."

"ஓடினா மட்டும் பத்தாது சார். எதுனா வேலை குடுக்கணும்."

"குடுத்திருக்கேனே!"

மாரிக்கு மனசு நிறைந்துபோனது.

அப்போது ஜானகிராமனின் மனைவி பிரபாவதி சாப்பாட்டுத் தட்டுடன் வந்து, பின்னறைத் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள். கதவின் உட்புறம், கீழ்ப்பாதி முழுக்க நகக்கீறல்கள்.

மாரிக்கு முகம் மாறிவிட்டது. "இன்னா சார் இது? அடைக்கலேன்னு சொல்லிகினு, நாய உள்ள போட்டு வெச்சிகிறீங்களா?"

"சேச்சே! டைகரையா?" பிரபாவதி பதறினாள். "இது எங்க பொண்ணு இருக்கிற ரூமுங்க. ஒரு எடத்துல உக்கார மாட்டா. ஓடிக்கிட்டே இருப்பா."

ஒரு சின்னப் பாதம் வாசற்படியைத் தாண்டியது. கொல்லையிலிருந்து டைகர் பாய்ந்து வந்து உறுமியது. பாதம் உள்ளே போய்விட்டது.

"குட் பாய்!" என்று பிஸ்கட்டை வீசினார் ஜானகிராமன்.