கண்வலி விசாரணை

அந்தப் பத்து மாடிக் குடியிருப்பில் ஒரே வாரத்தில் இருபத்து மூன்று பேருக்குக் கண்வலி. சுகாதார ஆய்வாளரான நான் சும்மா இருப்பேனா? கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நர்ஸம்மாவோடு வீடு வீடாகக் கதவைத் தட்டினேன்.

"தண்ணித் தொட்டிதான்" என்று சத்தியம் செய்தேன். ஏறிப் பார்த்தால் தொட்டி பளிச்சென்று இருந்தது.

"அப்போ லிஃப்ட் பட்டன்!"

முதல் மாடிக்காரர் சிவந்த கண்ணால் முறைத்தார். "நான் லிஃப்ட்ல ஏறியே ஒரு வருஷமாச்சு சார்."

எட்டாவது மாடியில் ஒரு குடும்பம் மட்டும் தெளிந்த கண்ணோடு நின்றது. போன வாரக் கூட்டத்துக்கு வரவில்லை என்று, "உங்களாலதான் ஊர்ல நோய் பரவுது" என நான் காய்ச்சி எடுத்த குடும்பம். பொறுப்பில்லாதவர்களுக்குத்தான் காலம் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன்.

கீழே நர்ஸம்மா நோட்டைப் புரட்டினார். "சார், இருபத்து மூணு பேரும் ஒரே இடத்துக்குப் போயிருக்காங்க."

"சபாஷ்! எங்கன்னு சொல்லுங்க, இன்னிக்கே சீல் வெச்சிடறேன்."

"போன வாரம் ஹால்ல நீங்க நடத்தின கை கழுவுற பயிற்சிக் கூட்டத்துக்கு."

கண்ணாடியை இன்னும் மேலே தள்ளிக்கொண்டேன்.

"சோப்பு போடறதை நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தீங்க சார். ஆனா கழுவின கையை எல்லாரும் உங்க துண்டுலதானே துடைச்சாங்க?"

மெதுவாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். "அன்னிக்கே கண்ணு உறுத்திச்சும்மா. அதே துண்டுலதான் துடைச்சேன். இருபத்து நாலாவதா என் பேரையும் எழுதிக்கோங்க."

"கடைசியில எதுக்கு சார்? முதல் நம்பரை உங்களுக்குன்னுதான் காலியா விட்டிருக்கேன்."