தபசு காலத்துக் கறிவாசம்

"அந்தச் சட்டியை இங்கன கொண்டு வாடி!"

உபதேசியார் ஞானாதிக்கம் போட்ட சத்தத்தில் கோவில் வாசலில் நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. சிலுவைப்பாதைச் செபம் அப்போதுதான் முடிந்திருந்தது.

மதலேனாள் ஒரு தோளில் கைக்குழந்தையும் மறு கையில் மண்சட்டியுமாக வந்து நின்றாள். அவள் வீட்டு அடுப்பிலிருந்து அப்போதுதான் பிடிபட்ட சட்டி; உள்ளே ஆட்டெலும்புச் சாறு. இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. தபசு காலம், அதிலும் வெள்ளிக்கிழமை!

1892-ஆம் வருஷம். சின்னமனூர்ப் பக்கம் வேதக்காரர்கள் குடியிருந்த ஒரு சின்ன ஊர். சாமியார் மாதத்துக்கு ஒருதரம் குதிரையில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஞானாதிக்கம் சொன்னதுதான் சட்டம். யேசுநாதர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரும்வரை ஊரே ஒருசந்தி இருக்க வேண்டும். ஒருவேளைக் கஞ்சிதான். கறி, முட்டை, நெய் எதையும் தொடக் கூடாது.

"ரெண்டு வாரமாக் கறிவாசம் வருது. எந்த வீடுன்னு தேடிக்கிட்டே இருந்தேன். யேசுநாதர் சிலுவையில தொங்குற நாள்ல உனக்கு நாக்கு கேக்குதோ?"

"நாக்குக்கு இல்ல, உபதேசியாரே. பால் குடுக்குறவ நான். உள்ள போறதுதான பாலா வரும்? ஒருவேளைக் கஞ்சியில எனக்கே உசுரு நிக்கல, பால் எங்கிட்டு ஊறும்? கைப்பிள்ளைக்காரிக்கு ஒருசந்தி இல்லன்னு சாமியாரே சொன்னாகளே!"

"சாமியாருக்கு இளகின மனசு. இந்த ஊருக்கு நான் பதில் சொல்லணும்!"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். அது வேதக்காரர் ஊருக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

"பால் என்ன கறியில இருந்தா வருது? சர்வேசுரன் குடுக்குறது! எம் மருமகளும் கைப்பிள்ளைக்காரிதான். தபசு தொடங்குன விபூதிப் புதன்ல இருந்து ஒரேவேளைக் கஞ்சியோட கெடக்கா. எங்க, ஏ ஆரோக்கியம், அந்தப் பயலக் கொண்டா!"

கூட்டத்தின் பின்னால் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அவர் மனைவி ஆரோக்கியம்மாள், கால் எழாமல் முன்னே வந்தாள். ஞானாதிக்கம் பேரனை வாங்கி உயரத் தூக்கிக் காட்டினார்.

"தொடையப் பாருங்கப்பா, கன்னத்தப் பாருங்க! இது ஒருசந்தி வளத்த பிள்ளை."

பேரனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, மதலேனாளின் தோளில் கிடந்த பெண்குழந்தையைக் கை நீட்டிக் காட்டினார்.

"அது கறி வளத்த பிள்ளை. வத்தலாட்டம் கெடக்கு. சாபம்னா வேற எப்படி இருக்கும்?"

"வாஸ்தவம்தான்," என்று கூட்டத்தில் நாலு பேர் தலையாட்டினார்கள். பெற்றவள் காதுபடச் சொல்கிற பேச்சா இது? ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றவில்லை.

மதலேனாளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆரோக்கியம்மாளைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"முட்டி போட்டுச் சத்தியம் பண்ணு. பாஸ்கு வரைக்கும் கறித்தண்ணி தொடமாட்டேன்னு சொல்லு. அப்புறம் தலையில முள்முடி வச்சு மூணு ஞாயித்துக்கிழமை வாசல்ல நின்னயின்னா விட்டுடுறேன்."

"முள்முடி வைங்க, நிக்கிறேன். சத்தியம் மட்டும் கேக்காதீக."

"சத்தியம் பண்ணலைன்னா உனக்குப் பாஸ்குப் பூசையில நன்மை அப்பம் கெடையாது. நாளையில இருந்து ஊர்க் கிணத்துல தண்ணியும் கெடையாது!"

கூட்டம் சலசலத்தது. மதலேனாளின் புருஷன் பெரியாத்து அணைக்கட்டு வேலைக்கு மலையேறிப் போயிருந்தான். பச்சைப் பிள்ளையோடு தனியாக இருப்பவள் தண்ணீருக்கு எங்கே போவாள்? அது ஞானாதிக்கத்துக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

"கடைசியாக் கேக்குறேன். கறிய விடுவியா, மாட்டியா?"

"மாட்டேன்."

"அம்புட்டுத் திமிரா?"

காலால் சட்டியை எத்தினார். சட்டி உடைந்து சாறெல்லாம் மண்ணில் ஓடியது.

கல்யாணம் ஆன நாள்முதல் புருஷன் முன்னால் குரல் உயர்த்தாத ஆரோக்கியம்மாள், விடுவிடுவென்று நடந்துபோய் மதலேனாளின் கையில் பேரனைக் கொடுத்தாள். அவள் தோளில் கிடந்த பெண்குழந்தையைத் தான் வாங்கிக்கொண்டாள்.

"பால் குடு, ஆத்தா. ஊரே பாக்கட்டும்."

மதலேனாள் சேலையை இழுத்து மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். பேரன் பழகின பிள்ளையாக அவள் மாரில் முகம் புதைத்தான்.

ஞானாதிக்கம் பேரனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாடி இது?"

"நீங்க போட்ட பட்டினியில மருமகளுக்குப் பால் வத்திப் போச்சு. சொன்னா வீட்டையே ரெண்டாக்கிருவீகன்னு நாந்தான் பாவி பொத்தி வச்சேன். யாருகிட்டயும் சொல்லாதன்னு இவகிட்டச் சத்தியம் வாங்குனதும் நாந்தான்."

கையிலிருந்த நோஞ்சான் குழந்தையைப் புருஷனின் முகத்துக்கு நேரே நீட்டினாள் ஆரோக்கியம்மாள்.

"சாபம்னு சொன்னீகளே, நல்லாப் பாருங்க. உங்க பேரன் குடிச்சது போக மிச்சத்தக் குடிக்கிற பிள்ளை இது!"