மிச்சமான டீசல்

மார்ச் 29. இன்று ஒரு தவறு செய்தேன். ஆபீசில் கணக்கு எழுதும் நான், எங்கள் சரக்கு வண்டிக்கான கம்பெனி டீசல் கார்டில் இந்த மாத ஒதுக்கீடு பாதிக்குமேல் மிச்சம் என்று மேனேஜரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

"அப்ப அந்த வண்டியும் டிரைவரும் எதுக்கு? முப்பத்தொண்ணாம் தேதி கணக்கப் பாத்து முடிவு பண்ணிரலாம்" என்றார்.

டிரைவர் இஸ்ரவேல் அண்ணன் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்தபடி, "இதத்தான் நீ படிக்கப் போற சாயங்காலக் கணக்கு வகுப்புல சொல்லிக் குடுக்காங்களோ, தாயி?" என்றார். மாதக் கடைசிகளில் அவர் சரக்கில்லாமல் ஊரைச் சுற்றியது ஒதுக்கீட்டை மிச்சமில்லாமல் தீர்க்கத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. சாயங்காலம் வகுப்பில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. நான் செய்தது தவறுதானா என்றும் உறுதியாகத் தெரியவில்லை.

நாளை: காலையிலேயே டேங்கை நிரப்பி, அண்ணனோடு காலி வண்டியில் கடல்வரை போய்த் திரும்ப வேண்டும்.