பாதிச் சம்பளம்

"கழட்டுங்கடா அந்தச் சட்டையை!"

பாரை நடத்தும் பெர்னி போட்ட சத்தத்தில், பதினோரு வருடமாக பாருக்கு மேலே தொங்கிய ரூஃபஸின் ஜெர்சி ஆணியை விட்டு இறங்கியது. அதே ஆணியில் பெர்னியின் மகன் ஆடமின் ஜெர்சி ஏறியது. பாரில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

பெர்னிக்கு இன்று தலைகால் புரியவில்லை. ஆடம் உள்ளூர் டொலீடோ அணியில் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிறான். டெக்சாஸ் அணி ஒன்று பெரிய சம்பளம் பேசி அவனைக் கூப்பிட்டிருந்தது. கெடுவுக்குள் அதே சம்பளத்தை டொலீடோ கொடுத்தால் பையன் இங்கேயே இருப்பான். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அணி முதலாளியிடம் பணத்துக்கா பஞ்சம்? ஆனால் ஆட்டக்காரர்களின் மொத்தச் சம்பளம் லீக் வைத்த உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. யாராவது குறைத்துக்கொண்டால்தான் இன்னொருவருக்கு இடம்.

ரூஃபஸைக் கேட்டார்கள், பாதிச் சம்பளத்துக்கு ஆடுவாயா என்று. ஆடமுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் நின்று எதிரணியைத் தடுக்கிற ஆள். சம்பளமும் பெரிய சம்பளம்.

முடியாது என்றுவிட்டான். அணி அவனை நீக்கியது. அந்த இடத்தில்தான் இன்று ஆடமுக்கு ஒப்பந்தம். காலையிலிருந்து ரேடியோவில் ரூஃபஸைத் திட்டாத ஆள் இல்லை.

கதவு திறந்தது. வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான் ரூஃபஸ். கையில் கறுப்புக் குப்பைப் பை. நீக்கப்பட்டவர்கள் தங்கள் அலமாரியைக் காலி செய்ய அணி கொடுக்கும் கடைசிச் சீர் அது.

"கோடீஸ்வரர் வர்றாருய்யா, வழி விடுங்க!" என்றது ஒரு குரல்.

இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை. பார் முழுக்க மீன் வறுவல் வாசனை. ரூஃபஸ் தன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"ஒரு தட்டு மீன், பெர்னி."

"மீன் இருக்கு. உனக்கில்ல."

ரூஃபஸ் எழுந்திருக்கவில்லை.

"இதே ஸ்டூல்ல உக்காந்து என்ன சொன்னே?" பெர்னி விடவில்லை. "கடைசி மேட்ச் வரைக்கும் இந்த ஊர்தான், அப்புறம் என் சட்டைக்குக் கீழயே உக்காந்து மீன் தின்னு கிழவனாயிடுவேன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். இப்பவும் அந்த ஆசைதான்."

"ஆசையாம் ஆசை! அப்படி ஆசை இருக்கறவன் பாதியைக் குறைச்சுக்க மாட்டானா? என் பையன் இந்த ஊர்லயே ஆடணும், கண்ணை மூடற வரைக்கும் நான் அதைப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு வெள்ளிக்கு வெள்ளி உன்கிட்டதானே புலம்பினேன்? நீயும் தலையைத் தலையை ஆட்டினே. ஒரு வார்த்தையாவது காதுல விழுந்துச்சா உனக்கு?"

"விழுந்துச்சு பெர்னி."

ரூஃபஸ் அண்ணாந்து ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க என்ன பார்வை?"

"சட்டை கோணலாத் தொங்குது."

எழுந்து கையை நீட்டினான். அவன் உயரத்துக்கு ஏணி வேண்டியதில்லை. ஆடமின் ஜெர்சியை நேராக்கிவிட்டு, தோள் பக்கத்துச் சுருக்கத்தையும் தடவிவிட்டான்.

"என் சட்டையை நான் எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா. இங்க மேஜை துடைக்கக்கூட வேணாம் அது."

பாரே சிரித்தது. ரூஃபஸ் ஜெர்சியை மடித்துப் பைக்குள் வைத்தான். வாசலில் நின்று ஒரு தரம் அந்த ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தான். போக மனமில்லாதவன் பார்க்கிற பார்வை. பெர்னி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஆடம் வந்தான். பெர்னி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

"கையெழுத்தாயிடுச்சா? இனிமே நீ எங்கயும் போக வேணாம்டா!"

"ஆயிடுச்சுப்பா." அவன் கண் சுவருக்குப் போனது. "ரூஃபஸ் சட்டை எங்க?"

"குப்பைப் பையில போயிடுச்சு. அவனே வந்து எடுத்துட்டுப் போனான்."

"வந்தாரா? எங்கே அவர்? போன் போட்டுப் போட்டுப் பாக்கறேன், எடுக்கவே மாட்டேங்கறார்."

"மீன் கேட்டான். இல்லேன்னு துரத்திட்டேன்."

ஆடம் அந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"ஐயோ அப்பா! பாதிச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட அவர் பேனாவைக் கையில எடுத்துட்டாராம். சம்பளக் கணக்குப் பாக்கற அம்மா இன்னிக்குத்தான் எங்கிட்ட சொன்னாங்க."

"அப்புறம் ஏன் போடல?"

"'இதுல ஆடமுக்கு இடம் கிடைச்சுடுமில்ல?'ன்னு கேட்டாராம். 'பத்தாது ரூஃபஸ். அவனை விட்டுடறதா முடிவு பண்ணியாச்சு. உங்களையாவது வெச்சுக்கத்தான் இந்தப் பாதி'ன்னாங்களாம்."

மகனுக்கென்று பெர்னி எடுத்து வைத்திருந்த தட்டில் மீன் ஆறிக்கொண்டிருந்தது.

"பேனாவை மூடி வெச்சுட்டு, 'சரி, நான் முழுசாப் போயிட்டா?'ன்னு கேட்டாராம்ப்பா."